வெண்வால் மானும் வேட்டையாளர் கடமையும்

முகவுரை

வேட்டை என்னுஞ் சொல்லைக் கேட்டவளவில் நம்மவருட் பலருக்கு மனம் கூசுதல் இயல்பு. ஓருயிரைக் கொல்வோன் அவ்வுயிரின் இனத்தைக் காப்பவனாவது எங்ஙனம் என்று அவர்கள் வினவுவர். வினா நேரியதே. ஆயினும் ஐக்கிய அமெரிக்க நாடுகளின் சரித்திரத்தில் இதற்கு விடையாக நிற்கும் ஒரு வரலாறு உண்டு. பேராசையால் ஏறக்குறைய அற்றுப்போன ஒரு மானினத்தை, அந்நாட்டு வேட்டையாளர் சட்டத்துக்கும் கணக்குக்கும் தம்மை உட்படுத்திக்கொண்டு, மீண்டும் கோடிக்கணக்காகப் பெருகச்செய்த வரலாறு அது. அதே நாட்டில், மானைக் கொல்லலாகாதென்று காத்த ஒரு காட்டில் மான்கள் பட்டினியால் மாண்ட வரலாறும் உண்டு. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கினாலன்றி உண்மை விளங்காது. ஆதலின், நமது சங்கத்து அன்பர்களும் அவர்கள் இல்லங்களிலுள்ள தாய்மாரும் இளைஞரும் அறிந்துகொள்ளும்பொருட்டு, அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கி எழுதுகின்றோம்.

மானின் இயல்பு

அமெரிக்காவின் கீழ்ப்பாகத்துக் காடுகளிலும் வயலோரங்களிலும் மிகுதியாக வாழ்வது வெண்வால் மான். அஞ்சி ஓடுங்கால் தன் வாலை நிமிர்த்தி, அதன் அடிப்புறத்து வெண்மையைக் கொடிபோற் காட்டுவதால் அதற்கு அப்பெயர் வந்தது. ஆண் மானைக் கலையென்றும், பெண் மானைப் பிணையென்றும், கன்றை மறியென்றும் நம் முன்னோர் வழங்கினர். அச்சொற்களையே இவ்வியாசத்திலும் ஆளுவோம். இவ்வினத்திற் கலைக்கு மாத்திரமே கொம்பு உண்டு. அது வருஷந்தோறும் பனிக்காலத்தில் உதிர்ந்து, வசந்தத்தில் மீண்டும் முளைக்கும். வடபாகத்தில் நவம்பர் மாதமே இணைசேரும் பருவம். பிணை ஏறக்குறைய 200 நாட்கள் கருவுற்றிருந்து, மே, ஜூன் மாதங்களில் ஈனும். நல்ல தீனி கிடைக்குமிடத்தில் இரட்டை மறிகள் பிறப்பது வழக்கம்.

இதன் பெருக்கத்தின் வேகம் வியப்பை விளைப்பது. மிச்சிகன் மாகாணத்தில் ஜார்ஜ் ரிஸர்வ் என்னும் 1,146 ஏக்கர் நிலத்தை வேலியிட்டு அடைத்து, 1928-ஆம் வருஷத்தில் நான்கு பிணைகளையும் இரண்டு கலைகளையும் அதனுள் விட்டனர். 1933-ஆம் வருஷ முடிவில் ஆட்களை வரிசையாக நடக்கவிட்டு எண்ணியபோது, ஏறக்குறைய 160 மான்கள் இருந்தன. பகையில்லாத மான் இங்ஙனம் பெருகும்; நிலமோ பெருகாது. இவ்வொரு செய்தியை மனத்திற் கொண்டோர்க்குப் பின்வருவன எல்லாம் எளிதில் விளங்கும்.

அழிந்த காலம்

ஐரோப்பியர் அத்தேசத்திற் குடியேறுமுன் இம்மான்கள் இரண்டு கோடிக்கு மேல், மூன்று கோடி வரையில் இருந்திருக்கலாமென்று அறிஞர் மதிப்பிடுகின்றனர். பூர்வகுடிகள் இறைச்சிக்கும் உடைக்கும் அவற்றை வேட்டையாடினர். காட்டின் அடிப்புதரை அவ்வப்போது தீயிட்டு, இளந்தழை துளிர்க்கச்செய்து, மான்களைத் தம் பக்கம் வரவழைத்தலும் அவர்கள் அறிந்த வித்தையே. வெள்ளையர் வந்தபின் மான்தோல் வாணிபப் பொருளாயிற்று. 1699 முதல் 1715 வரையில் கரோலைனாவிலிருந்து இங்கிலாந்துக்கு மாத்திரம் வருஷத்துக்குச் சராசரி 50,000-க்கு மேற்பட்ட தோல்கள் கப்பலேறின. செரோக்கி, க்ரீக் முதலிய குலத்தார் துப்பாக்கிக்கும் துணிக்கும் சாராயத்துக்கும் மாற்றாகத் தோல் கொடுத்தனர். வியாபாரிகளிடம் கடன்பட்டு, அக்கடனைத் தீர்க்கவே மேலும் மேலும் வேட்டையாடினர்.

விழிப்பு அறவே இல்லாமற் போகவில்லை. ரோட் ஐலண்ட் குடியேற்றத்தில் 1646-ஆம் வருஷத்திலேயே, குறித்த மாதங்களில் மானைச் சுடலாகாதென்று விதி ஏற்பட்டது. ஆனால் விதியை எழுதினவர்கள் அதை நடத்திவைக்கக் காவலரை ஏற்படுத்தவில்லை. காவலில்லாத சட்டம் வேலியில்லாத பயிரேயாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை முற்றிலும் கெட்டது. காடுகள் வெட்டப்பட்டு விளைநிலங்களாயின. இருப்புப்பாதைகள் உள்நாட்டுக் காடுகளைப் பட்டணத்துச் சந்தைகளோடு பிணைத்தன. அடுத்தடுத்துச் சுடும் துப்பாக்கிகள் மலிந்தன. கூலிக்கும் விலைக்கும் கொல்லும் சந்தை வேட்டையாளர் என்னும் ஒரு கூட்டத்தார் தோன்றினர். இரவில் விளக்கொளியைக் கண்ணிற் பாய்ச்சி மானை மயக்கிச் சுடுவர்; நாய்களை ஏவி ஏரிக்குள் விரட்டி, நீந்தும் மானைப் படகிலிருந்து கொல்வர்; பனியின் மேலோடு இறுகிய காலத்தில், கால் புதைந்து நிற்கும் மானைத் தடியால் அடிப்பர். சினைப்பட்ட பிணை என்றும், பால்குடி மறியென்றும் பார்த்தாரில்லை. 1900-ஆம் வருஷத்தை அடுத்து, தேசமெங்கும் எஞ்சிய வெண்வால் மான்கள் ஐந்து லட்சத்துக்கு மேலில்லை என்பது பிற்கால மதிப்பு. பல ஜில்லாக்களிற் சிறுபிள்ளைகள் மானைப் படத்திலன்றிக் கண்டதில்லை.

சட்டம் பிறந்த விதம்

இந்நிலையைக் கண்டு முதலில் வருந்தினவர்களும் வேட்டையாளரே. பிற்காலத்தில் ஜனாதிபதியாக விளங்கிய தியோடர் ரூஸ்வெல்ட், ஜார்ஜ் பேர்ட் க்ரின்னல் முதலியோர் 1887-இல் பூன் அண்ட் க்ராக்கெட் கிளப் என்னும் சபையை நிறுவினர். வேட்டையில் முறையும் மானமும் வேண்டுமென்பதும், விலைக்கு வேட்டையாடுதல் ஒழியவேண்டுமென்பதும் இவர்கள் வற்புறுத்திய கொள்கைகள். அயோவாவைச் சேர்ந்த ஜான் லேஸி என்பவர் கொண்டுவந்த சட்டம் 1900-ஆம் வருஷம் மே மாதத்தில் அமுலுக்கு வந்தது. ஒரு மாகாணத்துச் சட்டத்துக்கு மாறாகக் கொல்லப்பட்ட வேட்டைப் பிராணிகளை மற்றொரு மாகாணத்துக்கு அனுப்புதல் அதனாற் குற்றமாயிற்று. கொன்றதை விற்க வழி அடைபடவே, சந்தை வேட்டையாளரின் தொழில் தளர்ந்தது.

மாகாணங்களும் விழித்துக்கொண்டன. பென்ஸில்வேனியாவில் 1895-இல் வேட்டைப் பிராணிகளுக்கென்று தனியே ஒரு கமிஷன் ஏற்பட்டது. அவர்கள் 1906 முதல் வேறு மாகாணங்களிலிருந்து மான்களை விலைக்கு வாங்கித் தம் காடுகளில் விட்டனர். 1907-இல், கொம்புள்ள கலையையன்றிப் பிணையைச் சுடலாகாதென்று விதித்தனர். பிணை பிழைத்தால் இனம் பிழைக்கும் என்பது கருத்து. அக்காலத்துக்கு அது மிக நல்ல சட்டம். மான்களும் விரைவிற் பெருகின. ஆனால் ஒரு காலத்துக்கு மருந்தாவது மற்றொரு காலத்துக்கு நோயாகவுங்கூடும் என்பதை அடுத்த வரலாறு காட்டுகின்றது.

கைபாப் மேட்டுநிலம்

அரிஸோனா மாகாணத்தில் கொலராடோ நதியின் பெரும் பள்ளத்தாக்குக்கு வடக்கே கைபாப் என்னும் உயர்ந்த மேட்டுநிலம் இருக்கிறது. அங்கு வாழ்வது வெண்வால் மானன்று. நீண்ட காதுகளையுடைய மியூல் மான் என்னும் உறவினம். 1906-இல் ரூஸ்வெல்ட் அந்நிலத்தை வேட்டைப் பிராணிகளின் காப்பிடமாகப் பிரகடனஞ் செய்தார். மான் வேட்டை விலக்கப்பட்டது. மானைத் தின்னும் பூமா, ஓநாய், கோயோட்டு, காட்டுப்பூனை ஆகியவற்றைக் கொல்லச் சர்க்காரே ஆட்களை நியமித்தனர். அடுத்த முப்பது வருஷங்களில் அங்குக் கொல்லப்பட்ட பூமாக்கள் மாத்திரம் பல நூறு. ஓநாய்கள் அறவே ஒழிந்தன.

ஆரம்பத்தில் அங்கு 4,000 மான்கள் இருந்தனவென்பர். 1924-இல் அவற்றின் தொகை 30,000 என்று சிலரும், ஒரு லட்சம் என்று சிலரும் மதித்தனர். எத்துணையாயினும், நிலம் தாங்கக்கூடியதற்கு மேற்பட்டதென்பதில் ஐயமில்லை. மான் எட்டக்கூடிய உயரம் வரையில் மரங்களின் தழை அறுக்கப்பட்டதுபோல் ஒழிந்தது. 1924-ஆம் வருஷத்தை அடுத்த பனிக்காலங்களில் மான்கள் ஆயிரக்கணக்காகப் பட்டினியால் மாண்டன. அவ்வருஷம் டிஸம்பர் மாதத்தில், ஆட்களைக் கூட்டி மான்களைப் பள்ளத்தாக்கின் வழியே தென்கரைக்கு ஓட்டிவிட ஒரு பெருமுயற்சி நடந்தது. பனிப்புயலும் குழப்பமும் சூழ, மான்கள் ஓட்டினவர்களின் வரிசையை ஊடுருவித் திரும்பி ஓடின. கருதிய காரியம் கைகூடவில்லை.

காட்டைக் காக்க மான்களிற் சிலவற்றைச் சுடவேண்டுமென மத்திய சர்க்கார் துணிந்தபோது, மாகாண சர்க்கார் தடுத்தனர். வழக்கு உச்ச நீதிஸ்தலம் வரையிற் சென்றது. நிலத்தைக் காக்கும்பொருட்டு மான்களைக் குறைக்க மத்திய சர்க்காருக்கு அதிகாரமுண்டென்று 1928-இல் தீர்ப்பாயிற்று.

கைபாப் வரலாற்றைப் பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் மிகைப்படுத்திச் சொல்லிவந்தன. க்ரேம் காலி என்னும் விஞ்ஞானி 1970-இல், அப்பழைய எண்ணிக்கைகள் உறுதியற்றவை என்றும், ஆடுமாடுகளின் மேய்ச்சல் குறைந்ததும் ஒரு காரணமாகலாம் என்றும் காட்டினார். பின்னர் 2006-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, அந்நிலத்து ஆஸ்பென் மரங்களின் வயதைக் கணக்கிட்டது. மான் மிகுந்த அவ்வருஷங்களிற் பிறந்து மரமான கன்றுகள் மிகச் சிலவே என்பது அதனால் தெரியவந்தது. மனிதர் எண்ணிய எண்ணில் பிழையிருக்கலாம்; மரங்கள் வைத்திருந்த சாட்சியம் பொய்க்கவில்லை.

ஆல்டோ லியோபோல்ட்

கைபாப் செய்தியிலிருந்து பெரும்பாடம் கற்றவர்களுள் முதல்வர் ஆல்டோ லியோபோல்ட். இவர் 1887-இல் அயோவாவிற் பிறந்து, யேல் சர்வகலாசாலையில் வனசாஸ்திரம் பயின்று, 1909-இல் வன இலாகாவிற் சேர்ந்தவர். இளமையில் இவரும் ஓநாய்களை ஒழிக்கவேண்டுமென்ற கட்சியினரே. ஓநாய் குறைந்தால் மான் மிகும். மான் மிகுந்தால் வேட்டையாளர்க்குச் சொர்க்கமாம் என எண்ணினார். ஓநாயற்ற மலைகள் தழையற்ற மலைகளானதைக் கண்ணாற் கண்டபின் அக்கொள்கையைக் கைவிட்டார். 1933-இல் வேட்டைப் பிராணி பரிபாலனம் பற்றிய இவருடைய பெருநூல் வெளிவந்தது. அவ்வருஷமே விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் அச்சாஸ்திரத்துக்கு ஆசிரியராக அமர்ந்தார். கோடரி, கலப்பை, பசு, தீ, துப்பாக்கி ஆகிய எக்கருவிகளால் காட்டுயிர் அழிந்ததோ அக்கருவிகளையே அறிவோடு ஆண்டால் அதை மீட்கலாம் என்பது இவர் நூலின் சாரம்.

இக்கொள்கையைச் சொல்லுதல் எளிது. ஜனங்களை ஏற்கச்செய்தல் அரிது. விஸ்கான்ஸினில் மான்கள் மிகுந்து, பனிக்காலத் தங்கிடங்களில் மறிகள் பட்டினியால் விழுந்துகிடந்தன. பிணைகளையும் கணக்காகச் சுட்டாலன்றிக் காடும் மானும் பிழையா என்று லியோபோல்ட் வாதித்தார். 1943-இல் ஒரு முறை அதற்கு அநுமதி கிடைத்தது. அவ்வருஷம் ஏறக்குறைய 1,28,000 மான்கள் வேட்டையாடப்பட்டன. பிணையைச் சுடுவது பாவமென்று ஒரு தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டிருந்த ஜனங்கள் கொதித்தெழுந்தனர். அவரைத் தூற்றுவதற்கென்றே ஒரு பத்திரிகையும் நடந்தது. அவர் தளரவில்லை. 1948-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், அயலார் நிலத்திற் பற்றிய புல்தீயை அணைக்கச் சென்ற இடத்தில் மாரடைப்பால் உயிர்நீத்தார். அவர் கேட்டதை மாகாணம் 1949 முதல் ஏற்று நடத்தியது. மெய்யைச் சொன்னவர் அதன் பயனைக் காணாமலே போதல் உலகில் புதிதன்று.

பொருளுக்கு வழி

நல்லெண்ணத்தோடு பொருளும் வேண்டுமன்றோ? 1937-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஏற்பட்ட பிட்மன்-ராபர்ட்ஸன் சட்டம் அதற்கு வழி செய்தது. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 100-க்கு 11 வீதம் வரி விதித்து, அப்பணத்தை மாகாணங்களின் நிலப்பரப்பையும் வேட்டை லைசென்ஸ் பெற்றோரின் தொகையையும் பார்த்துப் பங்கிடுவர். ஒரு வேலைக்கு மத்திய நிதி முக்காற்பங்கு கொடுத்தால், மாகாணம் காற்பங்கு கொடுக்கவேண்டும். லைசென்ஸ் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பும் மாகாணத்துக்கு அந்நிதியிற் பங்கில்லை. வேட்டையாளன் தானே தன்மேல் ஏற்றுக்கொண்ட வரி இது. இப்பணத்தைக்கொண்டு காட்டு நிலங்கள் வாங்கப்பட்டன, ஆராய்ச்சிகள் நடந்தன, மான் மிகுந்த இடங்களிற் பிடிக்கப்பட்ட மான்கள் மானற்ற தென் மாகாணங்களுக்கு வண்டியேறிச் சென்றன.

மீட்சி முழுவதும் வேட்டையாளராலேயே ஆயிற்று என்றல் மிகையாகும். உழவர் கைவிட்ட நிலங்கள் மீண்டும் காடானதும், புண்ணில் முட்டையிட்டு மறிகளைக் கொன்ற ஒருவகை ஈ தென்கிழக்கு மாகாணங்களில் 1959-இல் ஒழிக்கப்பட்டதும் பெருந்துணை செய்தன. இப்போது வெண்வால் மான்கள் ஏறக்குறைய மூன்று கோடி என்று மதிக்கின்றனர்.

வேட்டையின் முறை

சந்தை வேட்டையாளனுக்கும் முறையறிந்த வேட்டையாளனுக்கும் வேற்றுமை யாதெனின், முன்னவன் எவ்வாறேனும் கொல்வான். பின்னவன் கொல்லாமல் திரும்பவும் கற்றவன். அவன் கற்கும் முதற்பாடம் காற்று. மானின் கண்ணைக்காட்டிலும் மூக்கே அதற்கு உற்ற காவல். ஆதலின் காற்றுத் தன் முகத்தில் வீசும்படியாகவே அவன் நடப்பான். மான் வரும் வழிக்குத் தன் வாடை செல்லாத இடத்திலேயே அமர்வான். மலைப்பாங்கான இடத்தில், வெயில் ஏறும் காலையிற் காற்று சரிவின்மேல் ஏறும். குளிரும் மாலையிற் கீழிறங்கும். ஆகவே காலையில் மானுக்கு மேற்புறத்திலும், மாலையிற் கீழ்ப்புறத்திலும் இருத்தல் நலம்.

இரண்டாவது, காலமும் தடமும். விடியற்காலையிலும் அந்திப்பொழுதிலுமே மான் மிகுதியாக நடமாடும். பகலிற் படுக்கும் அடர்புதருக்கும் இரவில் மேயும் வெளிக்கும் இடையே அதற்கு வழக்கமான பாதைகள் உண்டு. குளம்படி, புழுக்கை, கலை கொம்பைத் தேய்த்துப் பட்டையுரிந்த இளமரம், காலாற் கீறி மூத்திரம் விட்ட தரை ஆகியவை அப்பாதையைக் காட்டும். இரண்டு காடுகளை இணைக்கும் குறுகிய இடுக்கும், காடும் வெளியும் சந்திக்கும் ஓரமும் காத்திருக்கத் தக்க இடங்கள். நடந்து வேட்டையாடுவோன் சில அடி வைத்து நெடுநேரம் நின்று பார்ப்பான். மானுக்கு நிறத்தைவிட அசைவே விரைவிற் புலப்படும்.

மூன்றாவது, சுடுதல். ஓடும் மானையும், புதரில் மறைந்த மானையும், தன் பழக்கத்துக்கு எட்டாத தூரத்து மானையும் சுடாமை நல்லோர் வழக்கம். மான் பக்கவாட்டில் நிற்குங்கால் முன்னங்காலை அடுத்த பின்புறத்தே, நுரையீரலும் இருதயமும் உள்ள இடத்தைக் குறிவைப்பர். அங்குப் பட்டால் வேதனை நெடிது நில்லாது. சுட்டவுடன் ஓடித் துரத்தலாகாது. அரைமணி நேரமேனும் பொறுத்து, இரத்தத் துளிகளைப் பின்பற்றிச் சென்று தேடவேண்டும். காயப்பட்ட மானைத் தேடாது விடுதல் வேட்டையாளர்க்குப் பெரும் பழியாகும். இறைச்சியைக் கெடாமல் குளிரச்செய்து வீட்டுக்குப் பயன்படுத்துவதும் கடமையே. ஈயக் குண்டின் நுண்துகள்கள் இறைச்சியிலும், காட்டில் விட்ட குடலிலும் கலந்து கழுகு முதலிய பறவைகளுக்கு நஞ்சாதலால், இக்காலத்திற் பலர் செப்புக் குண்டுக்கு மாறியுள்ளனர்.

உயிர்க்காப்பு

மானைக் காக்கும் சட்டங்கள் வந்த பின்னரும், மனிதன் மனிதனை மானென்று மயங்கிச் சுடும் விபத்துக்கள் குறையவில்லை. நியூயார்க் மாகாணம் 1949-இல், இளம் வேட்டையாளர் பாதுகாப்புப் பாடம் கற்ற பின்னரே லைசென்ஸ் பெறலாமென்று முதன்முதலாக விதித்தது. 1970-இல் வரிப்பணத்தின் ஒரு பகுதியை இக்கல்விக்குச் செலவிட மத்திய சட்டமும் இடங்கொடுத்தது. அப்பாடத்தின் உயிர்நிலை நான்கு விதிகள். எத்துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே எண்ணுக. அதன் வாயை ஆளில்லாத திசையிலேயே வைத்திருக்க. சுடும் கணம் வரையில் விசையில் விரல் வையாதிருக்க. குறியையும் குறிக்கு அப்பாலுள்ளதையும் ஐயமற அறிந்தாலன்றிச் சுடாதிருக்க.

உடையிலும் ஒரு சீர்திருத்தம் நேர்ந்தது. முன்னாளிற் சிவப்பு அணிந்தனர். மங்கிய ஒளியில் அது கருமையாகத் தோன்றிற்று. மாஸச்சூஸெட்ஸில் நடந்த சோதனைகளின் பின், தீக்கொழுந்துபோல் மிளிரும் செம்மஞ்சள் நிறமே மனிதக் கண்ணுக்கு மிகத் தெளிவென்று தேறியது. மானின் கண்ணிலோ நிறமறியும் கூறுகள் இருவகையே உள, நமக்கு மூவகை. ஆதலின் நமக்குச் சுடர்விடும் அந்நிறம் மானுக்குத் தழையின் நிறத்தோடு ஒத்து மங்கிவிடுகின்றது. பல மாகாணங்கள் அவ்வுடையைச் சட்டமாக்கின.

இப்போது குண்டைக்காட்டிலும் பரணே மிகுதியாகக் கேடு செய்கிறது. மரத்தின்மேற் கட்டிய பரணிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தோர் பலர். தரையை விட்டு ஏறும் கணமுதல் இறங்கும் கணம்வரையில் உடலைப் பற்றும் வார்ப்பட்டையை மரத்தோடு பிணைத்திருத்தல் வேண்டும். இரு கையும் இரு காலுமாகிய நான்கில் மூன்று எப்போதும் ஏணியிற் பற்றியிருக்கவேண்டும். துப்பாக்கியைத் தோளிற் சுமந்து ஏறாமல், தோட்டா நீக்கிக் கயிற்றால் மேலே இழுத்துக்கொள்ளவேண்டும். செல்லுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் சொல்லிச் செல்லுதல் எல்லாவற்றினும் எளிய காவல். ஒரு மானுக்காக ஒரு குடும்பம் தலைவனை இழத்தல் எவ்வாற்றானும் ஈடாகாது.

நிலம் பேணல்

கீழ்ப்பாகத்து மாகாணங்களில் நிலத்தின் பெரும்பகுதி தனியாருடையது. ஆகவே மானின் வாழ்வு சர்க்காரைவிடக் குடியானவனையே சார்ந்தது. லியோபோல்ட் தாமே 1935-இல் மணல் மண்டிய ஒரு பாழ்நிலத்தை வாங்கி, பழைய கோழிக்கொட்டிலைக் குடிலாக்கி, மனைவி மக்களோடு வருஷந்தோறும் ஆயிரக்கணக்கான மரக்கன்றுகளை நட்டார்.

நிலத்தை மானுக்கு ஏற்றதாக்குதல் தீனிக்குவியல் கொட்டுவதன்று. முதிர்ந்த காட்டில் நிழல் மிகுதியால் கீழ்த்தழை இராது. அங்கங்கே மரங்களை வெட்டி வெயில் புகவிட்டால் இளந்தளிர் எழும். ஓக் மரங்களைச் சுற்றியுள்ள நெருக்கத்தைக் குறைத்தால் அவை மிகுதியாகக் கொட்டை உதிர்க்கும். இலையுதிர்காலத்தில் மானுக்கு அதுவே சிறந்த உணவு. தக்க பருவத்தில், காவலோடு இடும் சிறுதீ புதரைப் புதுப்பிக்கும். பனி மிகுந்த வடபாகத்தில், காற்றைத் தடுக்கும் ஊசியிலைத் தோப்புக்களை வெட்டாது விடவேண்டும். க்ளோவர் முதலியவற்றை விதைத்தல் இவற்றுக்குப் பின் வரவேண்டியதே.

இவை எல்லாவற்றுக்கும் மேலான வேலை கணக்கு. சிறிது நிலத்தை மான் புகாதபடி வேலியிட்டு, உள்ளும் புறமும் முளைக்கும் செடிகளை ஒப்பிட்டுப் பார்ப்பர். உள்ளே கன்றுகள் செழித்து, வெளியே பன்னமே மிஞ்சியிருக்குமாயின், மான் மிகுந்துவிட்டதென்பது தெளிவு. சுட்ட மானின் பல் தேய்வைக்கொண்டு வயதறியும் முறை நியூயார்க்கில் ஆராயப்பட்டு 1949-இல் வெளியாயிற்று. அதன் எடையையும் சேர்த்து நோக்கினால் கூட்டம் மெலிகின்றதா, செழிக்கின்றதா என்று அறியலாம். எத்தனை பிணைகளைக் குறைப்பதென்று முடிவு செய்வது இவற்றைப் பார்த்தே.

கணக்குத் தவறுவதன் கேட்டை இன்றும் காணலாம். மான்கள் மிகுந்த இடங்களில் காட்டுப்பூக்களும் மரக்கன்றுகளும், அவற்றை அண்டி வாழும் பறவைகளும் குறைகின்றன. பாதையிற் குறுக்கிடும் மான்களோடு மோட்டார் வண்டிகள் மோதும் விபத்துக்கள் வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவை என்று இன்ஷூரன்ஸ் கம்பெனியார் மதிக்கின்றனர். மூளையை அரித்து மானை மெலியச்செய்து கொல்லும் ஒரு நோய், 1967-இல் கொலராடோவில் முதலிற் காணப்பட்டு, 2002-இல் விஸ்கான்ஸினை அடைந்து, மேலும் பரவிவருகின்றது. தீனிக்குவியலில் மான்கள் நெருங்குதல் அதற்கு வழியாதலால், பல இடங்களில் தீனியிடுதலே விலக்கப்பட்டது. அன்பென்று இடும் உணவும் ஆராயாது இடின் நஞ்சாகின்றது.

முடிவுரை

இவ்வரலாற்றைப் படித்து, நம் நாட்டிலும் துப்பாக்கி எடுக்கலாமென்று எவரும் கருதற்க. நீலகிரியில் 1877-இல் வேட்டையாளர் சங்கமொன்று தோன்றி, 1879-இல் அம்மலைக்கெனச் சென்னை சர்க்கார் சட்டம் இயற்றியதால் கடமான், வரையாடு முதலியவற்றின் வேட்டைக்குக் கட்டுப்பாடு ஏற்பட்டது உண்மையே. ஆயினும் 1972-ஆம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையை நம் தேசத்தில் விலக்கியிருக்கின்றது. அது தக்கதே. நம் காடுகளிற் புலியும் சிறுத்தையும் செந்நாயும் இன்னும் உள. மானின் தொகையை வரையறுக்கும் வேலையை அவை செய்கின்றன. அமெரிக்காவின் கீழ்ப்பாகத்தில் ஓநாயும் பூமாவும் பெரும்பாலும் அழிக்கப்பட்டமையாலேயே, அவ்வேலை மனிதன் தலையில் விழுந்தது. காவல்மிருகத்தைக் கொன்றவன் அதன் கடமையைத் தானே சுமக்கவேண்டியவனானான்.

நாம் கொள்ளவேண்டுவது துப்பாக்கியன்று. அவர்கள் துன்பப்பட்டுக் கற்ற பாடமே. பேராசை மானை அழித்தது. கணக்கறியாத கருணையும் கைபாப்பில் மானை அழித்தது. தன் கைக்கு எல்லை வகுத்து, தான் எடுப்பதற்குப் பொருள் கொடுத்து, நிலம் தாங்குவது எவ்வளவு என்று வருஷந்தோறும் பார்த்தவர்களால் அது மீண்டது. கிணற்றுநீர், குளத்துமீன், மேய்ச்சற் புறம்போக்கு, ஆற்றுமணல் என நம் ஊரில் பொதுவாய் நாம் எடுத்துவாழும் பொருள்கள் பல. அவற்றுள் எதற்கு நாம் எல்லை வகுத்திருக்கின்றோம், எதற்குக் கணக்கு வைத்திருக்கின்றோம் என்று ஒவ்வொருவரும் தம் இல்லத்திலும் ஊரிலும் ஆராய்தல் நன்று. எடுப்பதற்கு உரிமையுடையோனே காப்பதற்கும் கடமையுடையோன். இதனை நம் இளைஞர் உணர்வாராயின், கடல்கடந்த நாட்டு மானின் கதை நமக்கும் பயன்பட்டதாகும்.